பாடத்திட்டத்தில் இல்லாத சாயங்காலம்

முத்தாழித் தீவில் ஆனி மாதத்து முதல் திங்கட்கிழமை சாயங்காலம் வரவில்லை. மத்தியானத்து வெயில், உப்பளத்து வரப்புகளின் மேலும் மாதாகோயில் ஓட்டின் மேலும் தர்காவின் பச்சைக் கொடியின் மேலும், வந்த விருந்தாளி எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல இருந்த இடத்திலேயே இருந்தது, பிறகு வழக்கமாக இருட்டுகிற வேளை வந்ததும் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரே போக்கில் ராத்திரி விழுந்தது. நடுவில் மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை, மசங்கல் இல்லை. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் வீடு திரும்ப நினைப்பதற்குள் இருட்டில் அகப்பட்டுக்கொண்டு விடிய விடியக் கத்தின. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை கரைவலைக்காரர்கள், "இனிமே இப்படித்தான் போலருக்கு" என்று சொல்லிவிட்டு, கரைக்கு வருகிற வேளையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஊர் பழகிவிட்டது. மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்? கடிக்கிற செருப்புக்குப் பழகுகிறான், வாயால் முழம் போடுகிற மந்திரிக்குப் பழகுகிறான், இதற்கா பழகமாட்டான்.

பழகாதவள் ஒருத்திதான். அவள் பெயர் ஆவுடைநாயகி. அந்தச் சின்ன நாட்டின் பாட்டுப் பள்ளிகள் அத்தனைக்கும் அவள்தான் இயக்குநர், சாயங்காலத்தை இல்லாமல் ஆக்கியவளும் அவள்தான், அதை யாரும் அவளிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

முத்தாழி என்பது ஒரு பெரிய தீவும் அதைச் சுற்றி நாலைந்து திட்டுகளும் சேர்ந்த நாடு. உப்பும் கருவாடும் தவிர அந்த நாட்டுக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது அதன் பாட்டுப் பள்ளிகள். திட்டுக்கு ஒரு பள்ளி. பகலெல்லாம் கணக்கும் பூகோளமும் படித்த பிள்ளைகள் வெயில் தாழ்ந்ததும் பாட்டுப் பள்ளிக்குப் போகும், முதல் பாடமே கல்யாணி, அப்புறம் பூர்விகல்யாணி, அப்புறம் வசந்தா, எல்லாம் அந்தி நேரத்து ராகங்கள், விளக்கு வைக்கிற வரைக்கும் திட்டுக்குத் திட்டு அந்தப் பாட்டு தண்ணீரின் மேல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். அந்த நாட்டு வாத்தியார்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலையில் சேருகிற அன்று கடலில் கணுக்கால் நனைய நின்று, பொழுது தப்பி எந்த ராகத்தையும் பாடமாட்டேன் என்று சத்தியம் செய்வார்கள். தப்பிப் பாடினவன் தொண்டை உப்பாகப் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு தடவை வெளிநாட்டுத் தூதர் ஒருவர் காலை பத்து மணிக்கு வந்து இறங்கி, கல்யாணி கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவரைப் பொழுது சாய்கிற வரைக்கும் இளநீர் கொடுத்தே உட்கார வைத்திருந்தார்கள். கப்பல் போய்விட்டது, பாட்டு நடந்தது.

ஆவுடை முதலில் வாத்திச்சியாக இருந்தவள், அவளும் கால் நனைத்துச் சத்தியம் செய்தவள்தான். பிறகு ஆய்வாளர் ஆனாள், இயக்குநர் ஆனாள். இயக்குநர் என்றால் நாற்காலியில் உட்காருகிற வேலை இல்லை. தினம் ஒரு திட்டுக்குப் படகில் போய், பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு, இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. வீட்டில் இருந்தது அவள் புருஷன் சங்கரலிங்கம்.

சங்கரலிங்கம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன். ஒரு நாள் இரும்பு வடம் அறுந்து தலையில் அடித்தது. உயிர் நின்றது, நினைவு நிற்கவில்லை. சோறு கொடுத்தால் தின்பான், குளிப்பாட்டினால் குளிப்பான், பெற்ற தாய் வந்து நின்றாலும் வழி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். ஆனால் பொழுது மசங்குகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், வெளிச்சம் சிவக்கத் தொடங்கினால் போதும், அவன் முகத்துக்குள் பழைய ஆள் வந்து உட்காருவான். "ஏட்டி ஆவுடை, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்பான். மேலத்தெருக் கடன்காரனைப் பற்றிக் கேலி பேசுவான், அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் கோடு போட்டுக்கொண்டே கலியாணத்தன்று அவள் மாலையில் எறும்பு இருந்த கதையைச் சொல்லுவான். விளக்கு வைத்ததும் போய்விடுவான். மற்ற நாட்களில் அவனைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள். படகிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக ஆவுடை வந்து சேரும்போது பிச்சம்மாள் வாசலிலேயே நிற்பாள்.

"இன்னைக்கும் ஒன்னத்தான் கேட்டாவ. வந்திருவா வந்திருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் மறந்தாவ."

இப்பத்தான் மறந்தாவ. இந்த ஒரு வார்த்தையை வாரத்துக்கு ஆறு நாள் கேட்டுக்கொண்டு ஒரு பெண்பிள்ளை எத்தனை காலம் இருப்பாள்? ஆவுடைக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் புருஷன் இருந்தான், அதுவும் ஒரு பானை வென்னீர் கொதிக்கிற நேரத்துக்கு.

அதனால்தான் அவள் பாட்டுப் பள்ளிகளைச் சீர்திருத்தினாள். அமைச்சருக்கு எழுதிய அறிக்கையில் இதை எழுதவில்லை. பிள்ளைகள் இருட்டில் படகேறுகிறார்கள் என்று எழுதினாள், பெரியமனுஷியான பெண்பிள்ளைகளை அந்தியில் அனுப்பத் தாய்மார்கள் அஞ்சிப் பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள் என்று எழுதினாள், விளக்குக்கு எண்ணெய்ச் செலவு என்று எழுதினாள், ஆகையால் பாட்டுப் பள்ளிகளைப் பகல் பள்ளிகளோடு சேர்த்து நாலு மணிக்குள் முடித்துவிடலாம் என்று எழுதினாள். ஒன்றும் பொய் இல்லை. உண்மையாகவே நல்ல திட்டம், இன்றைக்கும் யாராலும் அதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அமைச்சர் பூரணலிங்கம் படித்துவிட்டு, "இத்தன நாளு யாருக்கும் இது தோணலியே" என்றார்.

தகராறு வாத்தியார்கள் கூட்டத்தில் வந்தது. வடதுறைப் பள்ளியின் சவரிமுத்து வாத்தியார் எழுந்தார். நாட்டிலேயே கல்யாணியை முழுதாக அறிந்தவர் அவர்தான் என்று பேர், அந்தப் பேரை அவரும் மறுத்ததில்லை.

"டைரக்டரம்மா, உச்சி வெயில்ல கல்யாணி பாடச் சொல்லுதியளா? நாளைக்கு ராத்திரியில பூபாளம் பாடச் சொல்லுவிய. எங்க தொண்ட என்ன, கவர்மெண்டுக் குழாயா?"

மற்ற வாத்தியார்கள் மேசையைத் தட்டினார்கள். ஆவுடை இதற்குத் தயாராகவே வந்திருந்தாள். மூன்று ராத்திரி விழித்துக் கண்டுபிடித்த உபாயம் அது, அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"பாட வேண்டாம் அண்ணாச்சி. அந்தி ராகம் ஒன்னுகூடப் பாடத்திட்டத்துல இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டேன். பகல்ல பாடுத ராகம் மட்டுந்தான். ஒங்க சத்தியமும் கெடாது, நாலு மணி பெல்லும் கெடாது."

சத்தியத்துக்குப் பங்கம் இல்லை, சம்பளத்துக்கும் பங்கம் இல்லை. வாத்தியார்கள் சரி என்று எழுந்தார்கள். வீட்டில் யாராவது பாடக்கூடாதா என்றால், பாடலாம்தான், ஆனால் பரீட்சைக்கு இல்லாததை எந்தப் பிள்ளை பாடும், அதுவும் விளையாடப் போகிற நேரத்தில்? வாத்தியார்கள் நாலு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், இத்தனை வருஷத்துக் களைப்புக்கும் சேர்த்துத் தூங்கினார்கள்.

புதுப் பாடத்திட்டம் தொடங்கிய அந்த முதல் திங்கட்கிழமை ஆவுடை நாலேகாலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். தலை வாரி, மல்லிகை அரும்புச்சரம் வைத்து, அவனுக்குப் பிடித்த மாங்காய் போட்ட சாளைமீன் குழம்பு வைத்து, மேற்குப் பார்த்த சன்னலைத் திறந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். பிச்சம்மாளை, "நீ போக்கா, இனிமே நான் பாத்துக்கிடுதேன்" என்று அனுப்பிவிட்டாள். வெயில் சுவரிலேயே இருந்தது. அரும்பு விரியவில்லை. குழம்பு ஆறியது. அவள் எழுந்து போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், இன்னும் வெயில். பிறகு இருட்டு விழுந்தது. இருட்டுக்குள் சங்கரலிங்கத்தின் குரல் மரியாதையாகக் கேட்டது.

"யாரும்மா அது? வெளக்கப் போடுங்களேன்."

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் தன் வேலையைப் பார்த்தது. கோயிலில் சாயரட்சைப் பூசையைக் கடிகாரம் பார்த்துச் செய்தார்கள், பள்ளிவாசலில் பெரியவர்கள் கூடிப் பேசி இருட்டு விழுந்த அந்த நொடியைத் தொழுகைக்கு வைத்துக்கொண்டார்கள், மாதாகோயிலில் மணியடிக்கிறவன் கொஞ்ச நாள் குழம்பிவிட்டுப் பிறகு பசித்த நேரத்தில் அடித்தான். பூக்காரிகள் விரியாத அரும்பை விற்றுப் பழகினார்கள், பெண்கள் விரியாத அரும்பை வைத்துப் பழகினார்கள், அந்திமந்தாரைச் செடியை, பூக்காத செடி எதற்கு என்று பிடுங்கி ஆட்டுக்குப் போட்டார்கள். கடற்கரையில் கைகோத்து நடந்த காதலர்களுக்குத்தான் சங்கடம், வெயிலில் நடந்தால் ஊர் பார்த்தது, இருட்டில் நடந்தால் ஊர் பேசியது, அந்த வருஷம் அவசரக் கலியாணங்கள் நிறைய நடந்தன. 'மாலைத் தூதன்' பத்திரிகை பேரை மாற்றி 'பிற்பகல் தூதன்' ஆனது. வௌவால்கள் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவை ஒரு நாள் கூட்டமாக எழுந்து அக்கரை நாட்டுக்குப் போய்விட்டன.

உப்பளத்து முதலாளிகளோ சந்தோஷத்தில் மிதந்தார்கள். தினமும் ஒரு பொழுது வெயில் கூடுதலாகக் கிடைத்தால் உப்பு சும்மாவா விளையும்? பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று விளைந்தது. வெயில் இருக்கிற வரைக்கும் வேலை என்பது அளத்துச் சட்டம், அதனால் அளத்துப் பெண்கள் முன்பு வீடு திரும்பிய வேளையிலும் வெயிலில் நின்று வாரினார்கள், அவர்கள் காலிலும் கண்ணிலும் புண் வந்தது, அது அவர்கள் பாடு. பாட்டுப் பள்ளிப் பரீட்சையில் எல்லாப் பிள்ளைகளும் தேறினார்கள். அக்கரையிலிருந்து நிபுணர்கள் வந்து, பிள்ளைகள் மத்தியமாவதி பாடுவதைக் கேட்டுத் தலையாட்டி, சிறிய நாடுகளுக்கு முத்தாழி ஒரு வழிகாட்டி என்று சொல்லி ஆவுடைக்குச் சால்வை போர்த்தினார்கள். வெக்கையில் அந்தச் சால்வை அவள் கழுத்தைக் கடித்தது. கூட்டம் முடிவதற்குள் அதை எடுத்து மடித்துவிட்டாள்.

அவள் அமைச்சரிடம் போனாள். அந்தி ராகங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றாள், காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். பூரணலிங்கம் கெட்ட மனுஷன் இல்லை, உப்பளத்தில் அவருக்குப் பங்கு இருந்தது, அவ்வளவுதான்.

"சேத்துக்கிடுங்கம்மா, நானா வேண்டாங்கேன்? இன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்." போட்டும் விட்டார். பேனாவை மூடிக்கொண்டே சிரித்தபடி கேட்டார். "எந்த வாத்தியார் பாடுவாரு? அதையும் சொல்லிட்டுப் போங்க."

அவர் சிரித்த சிரிப்பின் அர்த்தம் வடதுறைக்குப் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சவரிமுத்து வாத்தியார் நார்க்கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"தாராளமாப் பாடுதேன். பொழுது மட்டும் வரட்டும்."

"நீங்க பாடாமத்தான அண்ணாச்சி பொழுது வரமாட்டேங்கு."

"பொழுது வராம நான் எப்படிம்மா பாட?"

"ஒரே ஒரு தடவ. வந்திரும். வந்த பொறவு தெனமும் மொறப்படி பாடலாம்."

"வரலன்னா? பொழுது தப்பிப் பாடினவன்னு பேராயிரும்லா."

அவள் சங்கரலிங்கத்தைப் பற்றிச் சொன்னாள். சவரிமுத்து வாத்தியார் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நடிப்பில்லை, மூக்கைச் சிந்தி வேட்டியில் துடைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். அழுது முடித்து, "ஆனா கடல்ல நின்னு சத்தியம் பண்ணிருக்கேனேம்மா" என்றார். அவள் மற்றத் திட்டுகளுக்கும் போனாள். எல்லா வாத்தியார்களும் அவளுக்கு மோர் கொடுத்தார்கள், எல்லாருக்கும் மனசு இளகியது, ஒருவருக்கும் தொண்டை இளகவில்லை. நல்லவர்கள் கூடி ஒரு கதவைச் சாத்தினால் அதை எந்தச் சாவியும் திறக்காது.

ஆகையால் அவளே பாடினாள். ஒரு புதன்கிழமை, ராத்திரி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், பட்டப்பகல் வெயில் சன்னலில் நிற்க, கதவைத் தாழ் போட்டுவிட்டுச் சங்கரலிங்கத்தின் எதிரில் உட்கார்ந்து கல்யாணியை எடுத்தாள். பாடிப் பல வருஷம் ஆகியிருந்தது. வாத்திச்சியாக இருந்தவளுக்கு அது தெரியும், இயக்குநருக்கு அதன் ஏற்றமும் இறக்கமும்தான் மிச்சம் இருந்தது. இருந்ததைப் பாடினாள். சத்தியத்தை மீறுகிற பயத்தில் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுக்கம் நின்றது. சுவரில் வெயில் மஞ்சளாயிற்று. மஞ்சள் மெல்லச் சிவந்தது. தலையில் இருந்த அரும்பு ஒன்று விரிந்து அதன் வாசனை அவளுக்கே வந்தது. சங்கரலிங்கம் தலையைத் தூக்கினான், அவன் நெற்றி சுருங்கியது, கண்ணுக்குள் எங்கோ தூரத்திலிருந்து ஒரு ஆள் நடந்து வந்துகொண்டிருந்தான். "ஏ..." என்றான். "ஏ..." என்று மறுபடியும் சொன்னான். அங்கே அவளுக்குத் தெரிந்த பாட்டு முடிந்துவிட்டது. மேலே எங்கே போவது என்று தெரியவில்லை. முதலிலிருந்து எடுக்கலாம் என்று வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. சுவர் வெளுத்துப் பழைய வெயில் ஆனது.

அவள் அழுத கண்ணோடு ஆட்களைத் தேடி ஓடினாள். வருது, பொழுது வருது, நான் பார்த்தேன், எனக்குத் தெரிந்தது போதவில்லை, நீங்கள் பாடினால் நாடு முழுக்க வரும் என்று வாத்தியார்களைப் பிடித்து உலுக்காத குறையாகச் சொன்னாள். அவர்கள் காதில் அதில் ஒரே ஒரு சங்கதிதான் விழுந்தது.

"பாடிட்டியளா?" என்றார் சவரிமுத்து வாத்தியார். "வெயில்ல கல்யாணி பாடிட்டியளா?"

மறுநாளே கூட்டம் போட்டார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கூட்டம் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு முடிவு எடுத்ததில்லை. பொழுது தப்பிப் பாடியவள் வாத்தியார் இனத்தில் சேர்த்தி இல்லை, வாத்தியார் இனத்தில் இல்லாதவள் பாட்டுப் பள்ளிகளுக்கு இயக்குநராக இருக்க முடியாது. அமைச்சர் மிகுந்த வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார். புது இயக்குநராகச் சவரிமுத்து வாத்தியாரையே போட்டார்கள். அவர் ஆவுடையின் பாடத்திட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, அமைச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்தி ராகங்களையும் மரியாதைக்காகக் கடைசியில் சேர்த்து, 'பொழுது வரும்போது நடத்தப்படும்' என்று குறிப்பு எழுதினார். அது இன்றைக்கும் இருக்கிறது.

ஆவுடைக்குத் தொண்டை கட்டியது. சாபம் பலித்தது என்றார்கள் வாத்தியார்கள், அழுதே கட்டியது என்றாள் பிச்சம்மாள், எதுவானால் என்ன, கட்டினது கட்டினதுதான், பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. வேலை இல்லாததால் இப்போது அவள் காலையிலிருந்து ராத்திரிவரை வீட்டிலேயே இருந்தாள். அவள் எத்தனையோ வருஷம் ஏங்கியபடி நாள் முழுக்கப் புருஷனோடு இருந்தாள். அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள், நகம் வெட்டினாள், மீசை ஒதுக்கினாள், எறும்புக் கதையை அவளே அவனுக்குச் சொன்னாள். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். சம்பளத்துக்கு வந்து பார்த்துக்கொள்கிற யாரோ ஒரு அம்மாள் என்று அவளை நினைத்திருந்தான். சிரமம் கொடுக்கக் கூடாது என்று அவளிடம் தண்ணீர்கூடக் கேட்கமாட்டான்.

ஒரு நாள் வெயில் சுவரில் இருந்தபடியே இருக்க, அவன் அவளைப் பார்த்துச் சொன்னான்.

"நீங்க கெளம்புங்கம்மா. காலையிலருந்து இருக்கிய. ஒங்க வீட்லயும் ஆளு தேடும்லா."

"இருக்கட்டும். யாரும் தேடமாட்டாவ."

"அப்படிச் சொல்லப்படாது." அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். "எனக்கு ஒன்னும் கஷ்டமில்ல பாத்துக்கிடுங்க. என் பொஞ்சாதி இப்ப வந்திருவா. பொழுது மசங்குனாப் போதும், எங்க இருந்தாலும் ஓடி வந்திருவா. அவ வர்ற நேரத்துல வேற ஒரு பொம்பள இங்க இருந்தா, அவ ஒரு மாதிரி நெனைப்பா."

ஆவுடை எழுந்தாள். "சரிங்க, நான் வாரேன்" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து, அவன் கண்ணுக்குத் தெரியாமல் சுவரோரம் வெயிலில் நின்றாள். உள்ளே அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, கையால் தலையை ஒதுக்கிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போடுகிற சத்தம் கேட்டது. அவன் தயாராகிவிட்டான். ராத்திரி விழுகிறவரைக்கும் இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் காத்திருந்தார்கள், விழுந்த பிறகு அவள் உள்ளே போனாள், அவன் யாரும்மா அது என்று கேட்டான்.